ஹெல்பெண்டர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

‘ஹெல்பெண்டர்’ என்ற அமெரிக்கப் பேய்ப்படம் பற்றிய தங்கள் குறிப்பைப் படித்துவிட்டு அதைப் பார்த்தேன். தாய், தந்தை, மகள்கள் சேர்ந்து குறைந்த செலவில் எடுத்தார்கள் என்பதைத் தவிர, அமெரிக்க விமர்சகர்கள் அதைக் கொண்டாட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பள்ளி ஆண்டு விழாவில் நம் வீட்டுப் பிள்ளை ஆடினால் கைதட்டுவதைப் போன்றதல்லவா இது? எங்கள் ஊரிலும் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு பேய்ப்படம் எடுத்தார்கள். அதை எவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

வாசகர், அரூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குறையில் பாதி நியாயம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடக்கும் ஃபேண்டேசியா திரைப்பட விழாவிலும், அடுத்த பிப்ரவரியில் திகில் படங்களுக்கான ஷடர் (Shudder) இணையத் தளத்திலும் படம் வெளியானபோது நான் வாசித்த மதிப்புரைகளில் பல, ஜான் ஆடம்ஸும் டோபி போசரும் மகள் செல்டாவும் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் தாங்களே இயக்கி நடித்து இசையமைத்த கதையை விரிவாகச் சொல்லிவிட்டு, படத்துக்கு மிச்சமிருந்த இடத்தையே கொடுத்தன. அது விமர்சனமாகாது, விருந்தோம்பல்.

ஆனால் குடும்பம் என்பதைப் படத்துக்கு வெளியே இருக்கும் தகவலாக மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்வதில்தான் நான் வேறுபடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பாரதக் கூத்தில் தந்தை துரியோதனனாகவும் மகன் பீமனாகவும் வேடம் கட்டியிருந்தார்கள். பதினெட்டாம் போரில் அடிபட்டுச் சாயும் துரியோதனனின் தலை தரையில் மோதாதபடி பீமன் ஒரு கணம் உள்ளங்கையைக் கொடுத்தான்; பிறகு அதே கையால் கதையை ஓங்கினான். எனக்குப் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவி, “அப்பனையே அடிக்கிறான் பாரு” என்றாள். அவள் சலுகை காட்டவில்லை. முன்னிரவில் இதே குழு தாளம் தவறியபோது முதலில் முணுமுணுத்தவளும் அவள்தான்.

‘ஹெல்பெண்டர்’ இந்த இடத்தில்தான் நிற்கிறது. நோய் இருப்பதாகச் சொல்லி மகளை ஊர் கண்ணில் படாமல் காட்டுக்குள் வைத்து, இறைச்சியே காட்டாமல் வளர்க்கிறாள் தாய். மகள் ஒரு மது விளையாட்டில் உயிருள்ள புழுவை விழுங்கியதும், அடங்கிக் கிடந்த பரம்பரைச் சக்தி விழித்துக்கொள்கிறது. மயானக் கொள்ளையன்று சாமி வந்தவர் உயிர்க்கோழியைக் கடிப்பதைக் கண்டு வளர்ந்த நம் வட்டாரத்தாருக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பருவம் இன்னொன்றைத் தின்று வருவது போல மகள் தாயைத் தின்பதே இவர்கள் மரபு என்று தெரிய வரும்போது, அந்த வேடங்களில் நடிக்கும் டோபியும் செல்டாவும் உண்மையில் தாயும் மகளுமாக இருப்பது வேலை செய்கிறது. கேட்க ஒருவரும் இல்லாத வீட்டில் தாய் பேஸ் கிட்டாரும் மகள் டிரம்ஸும் வாசிக்கும் காட்சிகளின் இணக்கத்தைச் சம்பளம் கொடுத்து வாங்க முடியாது. (டோபியின் கணவர் ஜான், மனைவியின் மந்திரத்துக்குப் பலியாகும் வழிப்போக்கனாக வருகிறார். 2019இல் வந்த இவர்களுடைய ‘தி டீப்பர் யூ டிக்’ படத்தில் மகளின் சாவுக்குக் காரணமானவராக நடித்ததற்கு இது ஈடு போலும்!)

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மாயக்காட்சிகளில் கணினி வேலை பல்லிளிக்கிறது. பரம்பரைக் கதையை விளக்கும் பகுதிகள் இழுக்கின்றன. காடும் பனியும் இரண்டு முகங்களும் மட்டுமே இருக்கும்போது பணமின்மை படத்தின் பாணியாகிவிடுகிறது. தீயும் வானமும் வேண்டுமென்று ஆசைப்படும்போது அது வெறும் பணமின்மையாகத் தெரிகிறது. இந்த இரண்டையும் பிரித்துச் சொன்ன மதிப்புரைகள் குறைவு என்பதே என் மனத்தாங்கலும்.

உங்கள் ஊர் அண்ணன் தம்பிகளின் படத்தை அனுப்பிவையுங்கள். என்ன செலவானது, எத்தனை நாள் பட்டினி கிடந்தார்கள் என்பதையெல்லாம் நான் பார்த்து முடித்த பிறகு சொன்னால் போதும்.