எண்யூமும் வரிசை எண்ணும் – கடிதம்

அன்புள்ள சார்,

ஜாவாவில் வேலை பார்க்கிறேன். ஆர்டர் நிலைகளை எண்யூமாக, அதாவது பெயர் வைத்த மதிப்புகளின் பட்டியலாக, எழுதியிருக்கிறேன். ‘இன்ட் மாறிலிகளே (பெயர் வைத்த வெறும் முழு எண்களே) போதும், எண்யூம் கனம்’ என்கிறார் எங்கள் டீம் லீட். பாஸ்கல் மொழியில் எண்யூமைக் கொண்டுவந்த நிக்லாஸ் விர்த்தே, பின்னால் உருவாக்கிய ஓபரான் மொழியில் அதை எடுத்துவிட்டாராம். யார் சொல்வது சரி? (டேபிளில் ஆர்டினலை, அதாவது பட்டியலில் அந்த நிலை இருக்கும் இடத்தின் வரிசை எண்ணைத்தான் சேமிக்கிறோம், இடமும் மிச்சம்.)

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள்தான் சரி. கனம் என்பதெல்லாம் வீண் பேச்சு. இன்ட் வைத்தால் நாலே நிலைகள் உள்ள இடத்தில் யாராவது 47 என்று அனுப்பினாலும் கம்பைலர் வாயைத் திறக்காது. 2004-இல் ஜாவா 5-இல் எண்யூம் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஒரு மாட்யூலில் எழுதிய பட்டியலை இன்னொரு மாட்யூலில் நீட்டிக்க முடியவில்லை என்பதுதான் எண்யூமில் விர்த் கண்ட குறை. உங்கள் ஆர்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, விடுங்கள்.

அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். ஆர்டினலையா சேமிக்கிறீர்கள்? யார் சொல்லிக்கொடுத்தது தம்பி?

யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், தெரியும். ஜாவா பொருள்களை டேபிளில் சேமித்துத் தரும் ஜேபிஏ-வில் வெறுமனே ‘எண்யூமரேட்டட்’ என்று போட்டால் அது தானாகவே எண்ணைத்தான் சேமிக்கும். இயல்பு அமைப்பு அப்படி. யாரும் எதையும் தேர்ந்தெடுக்காமலே தவறு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலையாகப் போயிருந்த ஒரு நிறுவனத்தில் லீவுக் கணக்கு சாஃப்ட்வேர் இருந்தது. எண்யூமில் மூன்று வகை: கேஷுவல், மெடிக்கல், ஏர்ண்ட். ஆர்டினல் 0-இலிருந்து தொடங்குவதால் டேபிளில் அவை 0, 1, 2. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், பட்டியல் ஒழுங்காக இருக்கட்டும் என்று ஆங்கில அகரவரிசையில் அடுக்கினான். கேஷுவல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏர்ண்ட் 1 ஆனது, மெடிக்கல் 2 ஆனது. ஒரு எர்ரரும் இல்லை, டெஸ்ட் எல்லாம் பாஸ். அன்று இரவே லைவுக்குப் போய்விட்டது.

ஓய்வுபெற இருந்த ஒரு அம்மா அங்கே வேலை பார்த்தார். கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக முந்தைய வருடம் மெடிக்கல் லீவு எடுத்திருந்தார். அத்தனை நாளும் ஏர்ண்ட் லீவாக மாறி, காசாக்க வேண்டிய இருப்பு கரைந்து கிடந்தது. கணக்குப் பிரிவுக்காரர், ‘சிஸ்டம் அப்படித்தாம்மா காட்டுது’ என்றார். அந்த அம்மா பையிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து மேசையில் வைத்தார். பழைய லீவு ரெஜிஸ்டர் பீரோவில் இருந்ததால் பிழைத்தார். ரெஜிஸ்டரை எடைக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்தப் பையனைத் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒரு பட்டியலை அடுக்கி வைப்பது குற்றமா? அடுக்கினால் பொருள் மாறும்படி டேபிளை அமைத்தவர்களையல்லவா கேட்க வேண்டும்? பெரும்பாலான புரோகிராமர்களுக்கு ஆர்டினல் தேவைப்படாது, அது எண்யூம்செட், எண்யூம்மேப் போன்றவற்றின் உள்வேலைக்கு என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது. அதை ஒரு தடவையாவது படிக்கக் கூடாதா?

இடம் மிச்சமாம்! நிலையின் பெயர் பத்து எழுத்து என்றே வையுங்கள். லட்சம் ஆர்டருக்குப் பத்து லட்சம் பைட், ஒரு எம்பி. குடும்ப வாட்ஸப் குழுவில் காலை வணக்கம் சொல்லி வரும் பூ வீடியோ அதைவிடப் பெரிது.

பெயராகவே சேமியுங்கள், அந்த ‘எண்யூமரேட்டட்’டோடு ‘ஸ்ட்ரிங்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். பின்னால் எண்யூமில் பெயரை மாற்ற வேண்டி வருமோ என்று பயந்தால் ஒவ்வொரு உறுப்புக்கும் நீங்களே இரண்டெழுத்துக் குறியீடு கொடுத்து அதைச் சேமியுங்கள். நான் செய்வது இதுதான். உங்கள் பட்டியலில் நாளைக்கு ‘பணம் கட்டியாயிற்று’ என்ற நிலையை யாராவது நடுவில் செருகினால், டெலிவரி ஆன பழைய ஆர்டரெல்லாம் ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டும். அனுப்பியதெல்லாம் ‘பேக் ஆனது’ என்று காட்டும், குடோனில் இருப்பவர்கள் அதே சரக்கை மறுபடி அனுப்புவார்கள்.

மாற்றும்போது அவசரப்படாதீர்கள். பேக்கப் எடுத்துக்கொண்டு முதலில், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) அந்த எண்யூம் ஃபைலின் வரலாற்றைப் பாருங்கள். வரிசை ஏற்கெனவே என்றைக்காவது மாறியிருந்தால், அந்தத் தேதிக்கு முன் எழுதிய 2 வேறு, பின் எழுதிய 2 வேறு. தேதி பிரித்துத்தான் டேபிளில் பெயருக்கான புது நெடுவரிசையை நிரப்ப வேண்டும். பழைய நெடுவரிசையை உடனே அழித்துவிடாதீர்கள், சில மாதம் இருக்கட்டும். வரலாற்றில் ஏதாவது தட்டுப்பட்டால் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.