எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் காலேஜ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து கேரள எல்லைக்குள், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற கொழிஞ்சாம்பாறைக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். நாலரைக்கு எழுந்து சமையலை முடித்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்து, ஏழு மணிக்கு வேலந்தாவளம் வழியாகப் பஸ் பிடித்தால் திரும்பி வர ஆறரை. அப்புறம் இட்லி மாவு, வீட்டுப்பாடம், பத்து மணிக்கு மேல் திருத்த வேண்டிய இன்டர்னல் தேர்வுப் பேப்பர் கட்டு. மகள் மூன்றாவது படிக்கிறாள். போன நவம்பர் 1, கேரளப் பிறவி (கேரள மாநிலம் உருவான நாள்) அன்று எல்லாப் பிள்ளைகளும் ஜரிகைக் கரை வைத்த கசவுப் பாவாடையில் வந்திருக்க, இவள் மட்டும் யூனிஃபார்மில் போய் நின்றிருக்கிறாள். பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் மலையாளத்தில் செய்தி வந்திருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்று விட்டவள் மறந்தே போனேன். இரண்டு நாள் என்னோடு அவள் சரியாகப் பேசவில்லை. வீட்டுக்காரர் உள்ளூர்க்காரர், மலையாளத்தில் படித்தவர். இளநீர் லோடு ஏற்றி அனுப்பிவிட்டு மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். வேலையை விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: விட வேண்டாம் கண்ணு, இந்தக் காரணத்துக்காக வேண்டவே வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மலையாளம் தெரிந்தவர் மதியமே வீட்டில் இருக்கிறார், தெரியாத நீங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டு குரூப்பைப் பார்க்கிறீர்கள். பிள்ளை யூனிஃபார்மில் போய் நின்றதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம், உங்கள் காலேஜ் என்ன செய்யும்? நாளைக்கே வகுப்பு டீச்சரிடம் சொல்லி குரூப்பில் உங்கள் வீட்டுக்காரர் நம்பரைச் சேர்த்து உங்கள் நம்பரை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நம்பரும் இருந்தால் அவர் பார்த்திருப்பார் என்று நீங்களும், நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று அவரும் இருந்துவிடுவீர்கள். நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கும்போது, முக்கியமான செய்தியைத் தமிழிலும் ஒரு வரி போடச் சொல்லிக் கேட்பதிலும் தப்பில்லை.

அவரிடம் "கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒத்தாசை என்றாலே வேலை உங்களுடையது, அவர் கை கொடுக்கிறார் என்றாகிவிடும், எதை எப்போது செய்ய வேண்டும் என்று நினைவு வைத்திருப்பதும் உங்கள் தலையிலேயே நிற்கும். பள்ளிக்கூடம் முழுக்க அவர் பொறுப்பு, மலையாள வீட்டுப்பாடம், ஃபீஸ், பி.டி.ஏ. கூட்டம், அடுத்த வருஷக் கசவு எல்லாம் சேர்த்து. முதல் இரண்டு மாதம் தடுமாறுவார். நடுவில் புகுந்து சரிசெய்யாதீர்கள்.

எல்லையில் இருக்கிற நமக்கு இன்னொரு சிக்கல், லீவு ஒத்துப்போகாது. ஓணத்துக்குப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் விடுமுறை, கோவையில் ஒரே ஒரு நாள் உள்ளூர் விடுமுறை, அதையும் ஒரு சனிக்கிழமை வந்து ஈடுகட்ட வேண்டும். மழை வலுத்தால் பாலக்காடு கலெக்டர் முந்தின சாயங்காலம் லீவு அறிவிப்பார், உங்கள் காலேஜ் வழக்கம்போல நடக்கும். ஜூன் மாதமே அடுக்களைச் சுவரில் மலையாளக் காலண்டர் ஒன்றும் தமிழ்க் காலண்டர் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி, இரண்டும் முட்டுகிற நாட்களில் பிள்ளையை யார் பார்ப்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பத்து மணிப் பேப்பர் கட்டு. நானும் 27 வருஷம் சித்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வந்தவள்தான். ஒரு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் பை முழுக்க நனைந்துபோனது, உள்ளே 42 விடைத்தாள். எல்லோரும் தூங்கின பிறகு அடுக்களைத் தரையில் பழைய வேட்டியை விரித்து, ஒவ்வொரு தாளாக வைத்து, மேலே இன்னொரு துணி போட்டு அயர்ன் பாக்ஸால் தேய்த்தேன். நீல மை கசிந்து வேட்டியில் பிள்ளைகளின் கையெழுத்து இடம் வலமாகப் பதிந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த என் வீட்டுக்காரர் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் எதிரே உட்கார்ந்து, ஒட்டிக்கொண்ட தாள்களைக் கிழியாமல் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார். கல்யாணமாகி ஏழு வருஷம், நான் தினமும் என்ன நேரம் வரை விழித்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அதுவரை நான் காட்டவே இல்லையே, எப்படித் தெரியும்? மறுநாளிலிருந்து எட்டு மணிக்கே கூடத்தில் எல்லோர் கண்ணெதிரிலும் உட்கார்ந்துதான் திருத்தினேன், அந்த நேரத்துக்குத் தோசைக்கல் அவர் கைக்குப் போனது. நீங்களும் கட்டைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: பாலக்காட்டில் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருஷமாக வேலை. ஐந்து மாதக் கர்ப்பம், முதல் குழந்தை. மூன்று மாதம்தான் லீவு, அதுவும் சம்பளம் கிடையாது என்கிறார்கள்.
– வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடர்கிற விதிப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். முந்தின 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். தனியார் கல்வி நிறுவனங்களில் இருப்பவர்களையும் கேரள அரசு 2020-இல் இதற்குள் கொண்டுவந்துவிட்டது. வாயால் கேட்டுக்கொண்டு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அந்த நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். இந்த லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும் சட்டப்படி செல்லாது.

கேள்வி: என் மனைவி கல்லூரி ஆசிரியை. வாரத்துக்கு 16 மணி நேரம்தானே வகுப்பு, அதற்கா இவ்வளவு அலுப்பு என்று அம்மா கேட்கிறார். என்ன சொல்வது?
– வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: 16 மணி நேரம் என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளில் உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்புக்கு மட்டும் சொன்னது. அதே விதி மொத்த வேலை வாரத்துக்கு 40 மணிக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. பாடத் தயாரிப்பு, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் (NAAC) கோப்பு, அட்மிஷன் வேலை எல்லாம் வேறு எங்கே போகும்? கேரளத்தில் 2024-இல் நான்கு வருஷப் பட்டப்படிப்பு வந்ததிலிருந்து பழைய நோட்ஸ் பாதிக்கு மேல் உதவாது, புதிதாக எழுத வேண்டும். ஒரு கட்டில் 60 பேப்பர், ஒன்றுக்கு 8 நிமிஷம் என்றால் 8 மணி நேரம், மூன்று பாடம் எடுத்தால் 24. இதை அம்மாவிடம் கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணெதிரில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கட்டு முழுக்க மார்க்கைக் கூட்டிக் கொடுங்கள்.