சொன்னதைத் திரும்பப் பெற எந்த ஆங்கிலச் சொல்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் வேலை. கொள்கலன் வியாழக்கிழமை கைக்கு வரும் என்று வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டார், நாள் பிழை. அவசரத்தில் அகராதியைப் புரட்டி, "ஐ ரிகாண்ட் மை ஏர்லியர் ஸ்டேட்மென்ட்" என்று இன்னொன்று அனுப்பினார். மேலாளர் அதை வாசித்துவிட்டு, "என்ன பிள்ளை, கோர்ட்டிலே சாட்சியே சொல்லுறீர்?" என்று கேட்டாராம். எந்தச் சொல்லைப் போட்டிருக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. சொல்தான் அந்த இடத்துக்குக் கனத்துப்போனது. ஒருவர் தன் நம்பிக்கையையோ கொடுத்த சாட்சியத்தையோ ஊரறியக் கைவிடுவதுதான் ரிகாண்ட். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கலீலியோ, 1633இல் ரோமில் விசாரணையாளர்கள் முன் முழங்காலிட்டு அதை மறுத்தாரே, அந்த மாதிரித் தருணத்துக்கு உரியது. பாடுவதைக் குறிக்கும் லத்தீன் வினை இதற்குள் இருக்கிறது. பாடியதையே மாற்றிப் பாடுவது!

தமிழில் விண்ணப்பம், வழக்கு, கருத்து எல்லாவற்றையும் 'மீளப்பெறுகிறோம்'. ஒரு சொல் போதும். ஆங்கிலத்தில் எதை மீளப்பெறுகிறோம் என்று பார்த்துத்தான் வினை வரும். வெளியிட்டுவிட்ட கூற்றோ ஆய்வுக் கட்டுரையோ என்றால் ரிட்ராக்ட். பிள்ளைகளுக்குப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஓட்டிசத்தோடு தொடர்புபடுத்திய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் மருத்துவ சஞ்சிகை 2010இல் இப்படித்தான் மீளப்பெற்றது. இதை நம்பாதீர்கள் என்று பதிவிலேயே எழுதிவைப்பது அது. வித்ட்ரோ அவ்வளவு தூரம் போகாது. விலைமனுவை, முறைப்பாட்டை, சபையில் சொன்ன ஒரு வார்த்தையை வித்ட்ரோ செய்யலாம். பிழை என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்றில்லை, இனி அது நிற்காது, அவ்வளவுதான். தீர்மானம், கட்டளை என்றால் ரெசிண்ட். உரிமம், அனுமதி என்றால் ரிவோக்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். பேக்ட்ராக், பேக்பெடல், யூ-டேர்ன் மூன்றும் பெரும்பாலும் மற்றவர் நம்மைப் பற்றிச் சொல்பவை. நாம் 'குத்துக்கரணம் அடித்தார்' என்கிறோமே, அந்தத் தொனி அவற்றில் உண்டு. ரினீக் இன்னும் மோசம், கொடுத்த வாக்கை மீறியவர் என்று பொருள். அலுவலகக் கடிதத்தில் இவற்றை உங்கள் மேல் நீங்களே சுமத்திக்கொள்ளாதீர்கள். கோபத்தில் ஒரு தோழியை ஏதும் சொல்லிவிட்டால் 'ஐ டேக் இட் பேக்' போதும், அது வாய்ப்பேச்சுக்கு.

சரி, உங்கள் மின்னஞ்சலுக்கு இவற்றில் ஒன்றும் வேண்டாம். நீங்கள் எதையும் மீளப்பெறவில்லை, ஒரு திகதியைத் திருத்துகிறீர்கள். "ப்ளீஸ் நோட் எ கரெக்‌ஷன் டு மை ஈமெயில் ஒஃப் மண்டே" என்று தொடங்கி, பழைய நாளையும் சரியான நாளையும் ஒரே வசனத்தில் எழுதி, மன்னிப்பை ஒரு வரியோடு நிறுத்துங்கள். அவுட்லுக்கில் உள்ள 'ரிகோல்' பொத்தானை நம்பவேண்டாம். உங்கள் நிறுவனத்துக்கு வெளியே போன மின்னஞ்சலை அது திரும்ப எடுக்காது. முதல் மின்னஞ்சலுக்கே 'ரிப்ளை ஓல்' கொடுத்துத் திருத்தத்தை அனுப்புங்கள். அப்போதுதான் பிரதி கிடைத்த எல்லோருக்கும் புதிய நாள் போய்ச் சேரும்.