கரும்பலகையின் கீழ்ப்பாதி

அன்புள்ள ஐயா,

நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். போன வருடம் எங்களுக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. இதயம் துடிக்கும் வீடியோ போட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். அது ஓடி முடிவதற்குள் நானும் எமிஸ் பதிவை (பள்ளிக் கல்வித் துறையின் இணையதளத்தில் பிள்ளைகளின் விவரங்களை ஏற்றும் வேலை) முடித்துவிடுவேன். மறுநாள் இதயத்தின் நான்கு அறைகளை வரையச் சொன்னால் இரண்டு மூன்று பேர்தான் வரைகிறார்கள். சாக்பீஸ் தூசி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. இருந்தாலும் கரும்பலகைக்கே திரும்பிவிடலாமா?

ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

தூசிக்கு ஈரத்துணி போதும். வீடியோவையும் விட வேண்டாம், வால்வு திறந்து மூடுவதை சாக்பீஸால் காட்ட முடியாது.

ஆனால் அது ஓடும்போது எமிஸ் பதிவா? படித்ததும் கோபம் வந்தது. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் திருதிருவென்று விழித்தது என்று பார்க்க அப்போது வகுப்பில் யாருமே இல்லையே! உங்கள் வேலைச்சுமை தெரியும். அதற்குப் பிள்ளைகளின் பாடவேளையைக் கொடுக்காதீர்கள்.

கொஞ்ச நாளாக என் ஆறாம் வகுப்புப் பலகையே நினைவில் வந்துகொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் கோவைத்தழையையும் அடுப்புக்கரியையும் சேர்த்துக் கசக்கி அதில் தேய்ப்போம். ராத்திரி சோற்றில் கை வைத்தாலும் தழை வாசம் அடிக்கும். பலகையின் மேல் மூலையில் தேதி, பதிவு 42, வருகை 38. கணக்கு வாத்தியார் சணல் கயிற்றின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி வட்டம் போடுவார். தொடங்கிய இடத்தில் கோடு வந்து சேருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். சில நாள் சேராது. உள்ளங்கையால் அழித்துவிட்டு, "கயிறு எங்கடா தளர்ந்துச்சு, எவன் பார்த்தே?" என்பார். ஆரம் மாறக்கூடாது என்பது எனக்கு அந்தக் கயிற்றில்தான் புரிந்தது. திரையில் வரும் வட்டம் ஒருநாளும் பிசகாது. அங்கே இந்தக் கேள்விக்கே வேலையில்லை.

அப்புறம் சாக்பீஸை எங்களில் ஒருவனிடம் நீட்டுவார். பலகையின் கீழ்ப்பாதியை எங்களுக்காகவே காலியாக விட்டிருப்பார். நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருவது இந்தக் கீழ்ப்பாதியைத்தான். 1987-இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் கொண்டுவந்தபோது, பலகைகூட இல்லாத பள்ளிகள் நாட்டில் எத்தனையோ இருந்தன. வந்த பலகைகளும் பெரும்பாலும் வாத்தியாரின் உயரத்தில்தான் மாட்டப்பட்டன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, பிறகு தமிழகம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில்தான் தரையில் உட்காரும் பிள்ளைக்கு எட்டும்படி சுவரைச் சுற்றிக் கறுப்புப் பட்டை அடித்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் இடம், கையில் ஒரு சாக்பீஸ். நான் பார்த்த வகுப்பறை உபகரணங்களில் அதைவிட நவீனமானது எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் திரை மாட்டும்போது சுவர் அழகாக இருக்கட்டும் என்று அதன்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். அன்று எனக்கு வயிறு எரிந்தது.

உங்கள் பிள்ளைகள் அந்த நான்கு அறைகளை மறந்துவிட்டார்கள் என்கிறீர்கள். வரைந்தே பார்க்காத ஒன்றை எப்படி மறப்பார்கள், டீச்சர்? வீடியோவைப் பாதியில் நிறுத்துங்கள். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு சாக்பீஸைக் கொடுங்கள். தப்பாக வரைந்தால் உடனே அழிக்காதீர்கள், இடது அறை எந்தப் பக்கம் வரும் என்று மற்றவர்கள் சண்டை போடட்டும்.

உங்கள் கட்டடத்தில் அந்தக் கறுப்புப் பட்டை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் பிள்ளைகளையே விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். கோவைக்கொடி பள்ளி வேலியிலேயே படர்ந்திருக்கும்.