கல்லடிப் பாலத்தில் எடுத்த படம்தான் உங்கள் வில்லங்கம்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள், ஒரே பாடசாலைக்குக் கூடைப்பந்து ஆடியவர்கள். கொழும்புக் கம்பனி ஒன்று தேசிய தொழில்முறைக் கூடைப்பந்து லீக் தொடங்குவதாக அறிவித்தபோது, மட்டக்களப்பு அணியின் உரிமையை 40 இலட்சம் ரூபாய் கட்டி எடுத்தோம். 14 ஆட்டம் என்றார்கள், ஐந்துதான் ஆடினோம். அனுசரணைப் பணத்தில் எங்கள் பங்கு வரவில்லை. நடுவர்கள் பக்கச்சார்பு. நேரலையில் எங்கள் ஊர்ப் பெயரையே பிழையாகச் சொன்னார்கள். எதிர்ப்பாக ஆறாவது ஆட்டத்துக்கு அணியை அனுப்பவில்லை. இப்போது ஒப்பந்தத்தை மீறியது நாங்கள்தான் என்று கம்பனி கடிதம் அனுப்பியிருக்கிறது. 12 வீரர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் நிலுவை, அதில் இருவர் வெளிநாட்டவர். சுவிஸில் இருக்கும் நண்பர் தான் போட்ட 22 இலட்சத்தைத் திருப்பிக் கேட்கிறார். 40 இலட்சத்தையும் மானநட்டத்தையும் கேட்டு மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா? (கல்லடி வாசகர்)

பதில்: உங்கள் கடிதம் ஏழு பக்கம். நடுவர், நேரலை, திறப்பு விழாவில் பின்வரிசை நாற்காலி, எல்லாவற்றையும் வாசித்தேன். மனவருத்தம் நியாயமானதுதான், ஆனால் வழக்குக்கு உதவாது. நான் நின்றது ஐந்தாம் பக்கத்தில் நீங்கள் பெருமையாக எழுதிய ஒரு வரியில்: ‘எதிர்ப்பாக அணியை அனுப்பவில்லை.’

சட்டத்தில் கேட்கப்படும் கேள்வி, முதலில் கைவிட்டது யார் என்பதுதான். நமது ஒப்பந்தச் சட்டம், ஒல்லாந்தர் காலத்தில் இங்கே வந்த ரோமன் டச்சுச் சட்டம். தன் கடமையைச் செய்யாதவன் மற்றவனின் கடமையைக் கேட்டு வந்தால், ‘முதலில் நீ செய்’ என்பதே போதுமான எதிர்வாதம். அனுசரணைப் பங்கு வரவில்லை என்றால் எழுத்தில் தவணை கொடுத்து, உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று குறிப்பிட்டு, அணியை அனுப்பியிருக்க வேண்டும். நீங்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டு முகநூலில் எழுதினீர்கள். அனுப்பியிருந்தால் கடன்காரன் அவர்கள். அனுப்பாததால் இரண்டு பக்கமும் கடன்காரர், கணக்குத்தான் வித்தியாசம்.

இதைத் திருப்ப ஒரு வழி இருக்கலாம். ‘உரிமையாளர்’ என்ற சொல்லை நம்பி இறங்கியிருக்கிறீர்கள். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் 30 அணிகளின் உரிமையாளர்கள் சேர்ந்ததுதான் லீக். ஆணையாளரை நியமிப்பதும் அவர்கள், தேசிய தொலைக்காட்சிப் பணத்தைச் சமமாகப் பிரிப்பதும் அவர்கள். உங்களுடையது அப்படியல்ல. லீக் முழுவதும் கம்பனியுடையது. நீங்கள் வாங்கியது சில பருவங்கள் பங்குபற்றும் அனுமதி மட்டும், கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்த கடை மாதிரி. ஆனால் அந்தக் கம்பனியும் தன் இஷ்டத்துக்கு லீக் நடத்த முடியாது. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபா (FIBA) ஒரு நாட்டில் ஒரு சம்மேளனத்தைத்தான் அங்கீகரிக்கும். லீக் நடத்துகிறவர் அந்தச் சம்மேளனத்தின் அனுமதியில் நிற்கிறார். 2014இல் ஜப்பானில் போட்டியாக இரண்டு லீக்குகள் ஓடியதால் ஃபீபா அந்த நாட்டையே இடைநிறுத்தியது. இரண்டையும் ஒன்றாக்கி 2016இல் பி.லீக் தொடங்கினார்கள். பிரித்தானியாவில் 2024இல் சம்மேளனம் லீக் கம்பனியின் உரிமத்தையே பறித்தது.

ஆகவே தேசிய சம்மேளனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்தக் கம்பனிக்கு அனுமதி இருந்ததா, எந்தத் திகதி வரை என்று மட்டும் கேளுங்கள். உங்கள் ஆறாவது ஆட்டத்துக்கு முன்பே அனுமதி முடிந்திருந்தால், முதலில் மீறியவர்கள் அவர்கள். இல்லாவிட்டால் இந்த வாதத்தை மறந்துவிடுங்கள்.

மாவட்ட நீதிமன்றம் பற்றி இரண்டு வரி போதும். ஒப்பந்தத்தின் 19ஆம் பிரிவு, பிணக்குகளைக் கொழும்பில் நடுத்தீர்ப்புக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுத்தீர்ப்பாளரிடம், விடச் சொல்கிறது. 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, எதிராளி ஆட்சேபித்தால் நீதிமன்றத்துக்கு அதை விசாரிக்கும் அதிகாரம் இல்லை. ஆட்சேபிப்பார்கள்.

சரி, இனி உண்மையான விஷயத்துக்கு வருவோம். நீங்கள் யார்மீது வழக்குப் போடலாம் என்று கேட்கிறீர்கள். உங்கள்மீது யார் போடுவார்கள் என்பதுதான் எனக்குப் பயம்.

உங்கள் கழகம் ஒரு கம்பனி இல்லை, பதிவு செய்த சங்கமும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு ஆளே கிடையாது. பிறகு வீரர்களுடன் ஒப்பந்தம் செய்தது யார்? கையெழுத்தைப் பார்த்தேன், உங்கள் பெயர். கழகத்தின் முத்திரை பக்கத்தில் இருக்கிறது, ஆனால் இல்லாத ஆளின் முத்திரைக்கு என்ன பெறுமதி? சம்பளக் கடன் உங்களுடைய சொந்தக் கடன். உங்கள் வீடு, உங்கள் வான், உங்கள் வங்கிக் கணக்கு எல்லாமே அதற்குப் பொறுப்பு.

‘ஐந்து பேரும் பிரித்துக் கட்டுவோம்’ என்கிறீர்கள். கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழ நான் கண்ட குழி இதுதான். மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1840இல் வந்தது. அதன் 18ஆம் பிரிவு, மூலதனம் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பங்குடைமை (பங்காளிகளாகச் சேர்ந்து செய்யும் தொழில்) எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்கிறது. ஆம், ஆயிரம் ரூபாய்தான். இன்றைக்கு ஒரு நல்ல பந்து கூட அந்தக் காசுக்கு வராது, ஆனால் தொகை மாறவில்லை. நீங்கள் ஐவரும் 40 இலட்சம் போட்டது வாய்ப்பேச்சில். நாளைக்கு நான்கு பேரில் ஒருவர் ‘நான் சும்மா உதவி செய்தேன், பங்காளி இல்லை’ என்றால், அவர் பங்காளிதான் என்று நீங்கள் நிறுவ எழுத்து வேண்டும். உங்களிடம் இல்லை.

வெளியாட்களுக்கு இந்தத் தடை கிடையாது. அதே பிரிவே அவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது: பங்காளிகளாக நடந்துகொண்டவர்கள்மீது மூன்றாம் ஆள் வழக்குப் போடலாம், சூழ்நிலைகளைச் சாட்சியமாகக் காட்டலாம். கல்லடிப் பாலத்தில் ஐந்து பேரும் ஒரு பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் பத்திரிகையில் வந்ததே, கீழே ‘உரிமையாளர்கள்’ என்று போட்டு? அது முதல் ஆவணம். ‘சம்பளத்துக்கு நாங்கள் ஐந்து பேரும் பொறுப்பு, யோசிக்காதீர்கள்’ என்று வீரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்டது இரண்டாவது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு, அது வெறும் ஃபோன் செய்தி என்று தள்ள முடியாது. ஆக, வெளியாள் உங்கள் ஐவரையும் இழுக்கலாம், கையெழுத்துப் போட்ட உங்களை மட்டும் பிடித்து முழுவதையும் கேட்கவும் செய்யலாம். அப்படிக் கட்டிவிட்டு நீங்கள் மற்ற நால்வரிடம் போய்ப் பங்கு கேட்டால், எழுத்து எங்கே என்பார்கள்.

அம்பாறைப் பக்கம் நெல் ஆலை ஒன்றை மூன்று பேர் இப்படி வாய்ப்பேச்சில் எடுத்தார்கள். நான் ஆஜரானது நல்லவருக்கு. கடன் கொடுத்தவர்களுக்கு முழுவதையும் கட்டினவர் அவர்தான். வழக்கு முடிய வயல் இரண்டு ஏக்கர் போயிற்று. மற்ற இருவரும் இப்போதும் அவருக்கு மச்சான் முறை, கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்காருகிறார்கள்.

சுவிஸ் நண்பரை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அவர் ‘பங்காளி’ என்றால் 22 இலட்சமும் நட்டத்தில் போனதாக அவர் ஏற்க வேண்டும். ‘கடன் கொடுத்தேன்’ என்றால் நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டும். அவர் எதைச் சொல்வார் என்று சொல்ல வக்கீல் தேவையில்லை. பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வந்திருக்கிறது, வங்கிச் சீட்டில் காரணம் எழுதப்படவில்லை. எழுத்தில்லாக் கடனுக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அவரோடு கோபமாகப் பேசிக்கொண்டிருக்காமல் இந்த வாரமே அழையுங்கள்.

வெளிநாட்டு வீரர்கள் இருவரின் ஒப்பந்தம் இணையத்தில் எடுத்த மாதிரிப் படிவம் என்று நினைக்கிறேன். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பிணக்கு ஜெனீவாவில் உள்ள கூடைப்பந்து நடுத்தீர்ப்பு மன்றுக்குப் போகும் என்று இருக்கிறது. ஃபீபா 2007இல் உருவாக்கியது அது. ஒரேயொரு நடுத்தீர்ப்பாளர், ஆங்கிலத்தில், பெரும்பாலும் எழுத்துமூலம் விசாரிப்பார். எந்த நாட்டுச் சட்டத்தின் நுணுக்கத்தையும் பிடிக்காமல், நீதி நியாயம் பார்த்துத் தீர்ப்பார். ஆகவே உங்கள் ‘கம்பனி தரவில்லை, அதனால் நாங்கள் தரவில்லை’ கதை அங்கே எடுபடாது: வீரன் ஆடினான், காசு எங்கே? நீங்கள் பதில் போடாவிட்டாலும் விசாரணை நடக்கும். வெளிநாட்டு நடுத்தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான நியூயோர்க் சமவாயத்தில் இலங்கை சேர்ந்த நாடு. அந்தத் தீர்ப்பைக் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் கொடுத்து இங்கே நிறைவேற்றலாம். அது உங்கள் பெயரில் இருக்கும்.

உள்ளூர்ப் பையன்கள் பத்துப் பேர் வழக்குப் போடமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், ‘நம்ம பிள்ளைகள்’ என்று. அவர்களின் தகப்பன்மார் போடுவார்கள். அவர்களை ஊழியர் என்று தொழில் திணைக்களம் எடுத்தால், சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் பங்கு 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும், தாமதத்துக்கு மேலதிகமும் வரும். காலம் கடந்தால் தப்பலாம் என்றும் இருக்க வேண்டாம். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் கணக்கு மறுபடி தொடங்கும். வாட்ஸ்அப் செய்தி அப்படி ஒப்புக்கொண்டதாகுமா என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதத்துக்கு நீங்கள் எனக்குத் தரும் காசில் இரண்டு வீரரின் சம்பளம் கட்டிவிடலாம்.

ஆகவே தம்பி, சமரசம் பேசுங்கள். வழக்கல்ல, வழக்கின் கோப்பு கூட வேண்டாம். வெளிநாட்டு வீரர்கள் இருவரிடமும் முதலில் பேசுங்கள். நிலுவையில் ஒரு பகுதியை உடனே கொடுத்து, மீதிக்குத் தவணை வைத்து, இனிக் கோரிக்கை இல்லை என்று கையெழுத்து வாங்குங்கள். பிறகு உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் அதே. அதற்கான காசை எடுக்கும் முன் ஐவரும் உட்கார்ந்து, யார் எவ்வளவு போட்டார், நட்டத்தில் யாருக்கு எவ்வளவு என்று எழுதி, சுவிஸிலிருந்தும் கையெழுத்து வரவேண்டும். அவர் மறுத்தால் உங்கள் நிலை என்னவென்று அன்றைக்கே தெரிந்துவிடும், அதுவும் நல்லதுதான்.

கம்பனியுடன்? 40 இலட்சத்தை மறந்துவிடுங்கள். ஆட்டத்துக்கு வராததற்கு அவர்கள் நட்டஈடு கேட்பதை விடவேண்டும், இனி நீங்களும் அவர்களும் ஒருவரிடம் ஒருவர் எதையும் கேட்பதில்லை என்று முடித்தால் நல்ல வியாபாரம். சம்மேளனத்தின் பதில் உங்களுக்குச் சாதகமாக வந்தால் மட்டும் ஒரு பத்து இலட்சம் கேட்டுப் பார்க்கலாம். மானநட்டம் என்ற சொல்லை எங்குமே எழுதாதீர்கள். முகநூலில் கம்பனி இயக்குநரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தேன், அந்தச் சொல் அவர்கள் கைக்குத்தான் உதவும்.

கம்பனியின் கடிதத்துக்கு 14 நாள் தவணை இருக்கிறது, அதில் ஒன்பது போய்விட்டது. ஒப்பந்தம், வங்கிச் சீட்டுகள், ஐந்து ஆட்டத்தின் பதிவுத் தாள்கள் எல்லாவற்றோடும் உங்களுக்குப் பக்கத்தில் உள்ள சட்டத்தரணியிடம் போங்கள். பதிலை அவர் எழுதட்டும். அதுவரை அந்த வாட்ஸ்அப் குழுவில் எதுவும் போட வேண்டாம், போட்டதை அழிக்கவும் வேண்டாம். பன்னிரண்டு பேரின் ஃபோனிலும் அது இருக்கிறது.