பணம் கட்டியது பால்கனிக்கு, கிடைத்தது சன்னல் இல்லாத அறை: பயனீட்டாளர் கேள்வி-பதில்

2022 ஏப்ரலில் மலேசிய எல்லை திறந்து ஆறு மாதம் கடந்தபோது, கப்பல் பயணம் பற்றிய கடிதங்களே அதிகம் வந்தன. அவற்றுள் நான்கைச் சுருக்கி, அன்று எழுதிய பதில்களோடு வெளியிடுகிறேன்.

கேள்வி: செப்டம்பர் பள்ளி விடுமுறையில், ஐந்து வயது மகனோடும் இரண்டு வயது மகளோடும் சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணம் சென்றோம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பயண முகவரிடம் 7,200 ரிங்கிட் கட்டினோம். ரசீதில் பால்கனி அறை என்று இருக்கிறது. கிடைத்ததோ சன்னல் இல்லாத உள்ளறை. சிறுவர் கூடத்தில் பிள்ளைகள் இருவரையும் நாள் முழுவதும் விடலாம் என்று முகவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்; மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை, மூத்தவனுக்கும் முன்பதிவு செய்தால் ஒரு மணி நேரம்தான் என்று அங்கே சொன்னார்கள். டயப்பர் அணிந்த மகளை நீச்சல் குளத்திலும் இறக்க விடவில்லை. முகவரிடம் கேட்டால், ‘பெருந்தொற்றுக் காலம், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார். – ஒரு தாய், பாயான் லெப்பாஸ்

பதில்: சகோதரி, உங்கள் மூன்று குறைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. நீச்சல் குள விதி தூய்மைக்கானது. பெருந்தொற்றுக்கு முன்பே பல கப்பல்களில் இருந்தது. அதற்கு இழப்பீடு கேட்காதீர்கள்.

அறை விஷயம் வேறு. தொற்று கண்டவர்களைத் தனிமைப்படுத்துவதற்காகக் கப்பல்கள் சில அறைகளை ஒதுக்கி வைத்தது உண்மைதான். உங்கள் அறை அப்படித்தான் கைநழுவியது என்றே வைத்துக்கொண்டாலும், பால்கனி அறைக்கு வாங்கிய பணத்தை உள்ளறைக்கு எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை. விலை வித்தியாசம் உங்களுடையது.

சிறுவர் கூடத்தைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் இந்த ஓராண்டில் என்னை மிகவும் வருத்திய வியாபாரப் பழக்கம் இதுதான். நெருக்கமாக விளையாடும் குழந்தைகள், தாங்களே அள்ளிக்கொள்ளும் உணவு மேசை, முகக்கவரி இல்லாத கூட்டம் என 2019-இல் எடுத்த படங்களைக் காட்டி, 2022-இன் பயணத்தை விற்கிறார்கள். கூடத்தில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு, ஏறுமுன் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதிப்பார்கள், உணவைப் பணியாளர்தான் பரிமாறுவார் என்பதெல்லாம் விற்ற அன்றே விற்றவருக்குத் தெரியும். தெரிந்ததை மறைத்துப் பணம் வாங்கிய பிறகு, மறைத்த அதே விதியைக் காட்டிப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது நியாயமே அன்று. உங்கள் முகவரோ ஒரு படி மேலே போயிருக்கிறார். முன்பதிவுக்காக மகளின் கடப்பிதழ் நகலை அவர்தான் வாங்கியிருப்பார். பிறந்த தேதி அதில் அச்சாகி இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு அனுமதி இல்லாத கூடத்தை, நாள் முழுவதும் உண்டு என்று எழுத்திலேயே உறுதி சொல்லியிருக்கிறார். சேவையின் தன்மையைக் குறித்துப் பயனீட்டாளரைத் தவறாக வழிநடத்துவதை 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

எனக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், பினாங்கின் சுவெட்டன்ஹாம் கப்பல்துறையிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலில், கடல் தெரியும் அறை என்று கூடுதலாக 400 ரிங்கிட் கொடுத்தேன். திரையை விலக்கியபோது, கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு சன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. நான்கு வயது மகன் கண்ணாடியில் நெற்றியை வைத்து, கடல் எங்கே என்று கேட்டான். ‘பகுதி மறைப்பு’ என்ற சொல் சீட்டின் மூலையில் இருந்ததை வீடு திரும்பிய பிறகே பார்த்தேன். அந்தச் சொல்லைக் கண்டதும் முறையிடாமல் விட்டேன். முறையிட்டிருக்க வேண்டும் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

ஆகவே, ரசீது, அறை எண் உள்ள அட்டை, தேதி தெரியும்படி எடுத்த வாட்ஸ்அப் செய்திகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்து முகவருக்குக் கடிதம் எழுதி, 14 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடுங்கள். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. உங்களிடம் பணம் வாங்கியவர் உள்ளூர் முகவர் என்பதால், வெளிநாட்டுக் கப்பல் நிறுவனத்தைத் தேடி அலைய வேண்டாம். முழுத் தொகையைக் கேட்காதீர்கள். உண்டீர்கள், உறங்கினீர்கள், பயணமும் நடந்தது. அறை வித்தியாசத்தையும், சிறுவர் கூடத்தை நம்பி இழந்ததற்கு நியாயமான ஒரு தொகையையும் கேளுங்கள்.

கேள்வி: உணவு கட்டணத்தில் அடங்கும் என்றார்கள். ஆனால் கப்பலில் இருந்த ஜப்பானிய உணவகத்தில் 310 ரிங்கிட் வாங்கிவிட்டார்கள். இது மோசடி அல்லவா? – ஒரு வாசகர், பிறை

பதில்: இல்லை. விலைப்பட்டியலைப் பார்த்துத்தானே சொல்லிச் சாப்பிட்டீர்கள்?

கேள்வி: கப்பல் முனையத்தில் செய்த பரிசோதனையில் ஆறு வயது மகனுக்குத் தொற்று உறுதியானதால் நால்வரும் ஏற முடியவில்லை. காப்பீடு எடுக்கவில்லை. ஒப்பந்தத்தை நான் இன்னும் படிக்கவில்லை. 5,400 ரிங்கிட்டும் திரும்பக் கிடைக்குமா? – ஒரு வாசகர், செராஸ்

பதில்: ஒப்பந்தம் உங்களிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று கண்டதை உலகமே பார்த்தது. அதற்குப் பிறகும், சிறு பிள்ளைகளோடு, காப்பீடும் இல்லாமல், ஒரு பக்கமும் படிக்காமல் 5,400 ரிங்கிட்டைக் கட்டுவதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. இப்போதாவது படியுங்கள். பரிசோதனையில் தடைபட்டவர்களுக்குப் பணத்தையோ மாற்றுத் தேதியையோ தரும் சிறப்பு விதியைப் பல கப்பல் நிறுவனங்கள் இந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் வைத்திருக்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் அது இருந்தால், விண்ணப்பிக்கக் கெடு நாளும் இருக்கக்கூடும். அடுத்த முறை காப்பீடு எடுக்கும்போது, கோவிட்-19 அதில் அடங்குகிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெருந்தொற்றை விலக்கி வைத்த காப்பீடுகளும் உண்டு.

கேள்வி: பேரப்பிள்ளைகளையும் சேர்த்து எட்டுப் பேர் 2020 ஏப்ரலில் கப்பலில் செல்ல, அந்த ஜனவரியிலேயே 2,600 ரிங்கிட் முன்பணம் கட்டினேன். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும், மார்ச்சில் பயணத்தை ரத்து செய்து, பணத்துக்குப் பதிலாக வவுச்சர் அனுப்பினார்கள். இப்போது கேட்டால், அது 2021 டிசம்பரோடு காலாவதியாகிவிட்டது என்கிறார்கள். அது என் ஓய்வூதியப் பணம். – ஓய்வு பெற்ற ஆசிரியர், கிள்ளான்

பதில்: ஐயா, இதில் உங்கள் அலட்சியம் எதுவும் இல்லை. 2020 மார்ச் 18-இல் ஆணை வந்தது; சுற்றுப்பயணத்திற்காக நாட்டின் எல்லை திறந்தது 2022 ஏப்ரல் 1-இல். கடலில் கால் வைக்கவே வழியில்லாத காலத்தை வவுச்சரின் ஆயுளாக எழுதிவிட்டு, அது முடிந்ததென்று பணத்தை வைத்துக்கொள்வது அநியாயம். ஒருதலையான ஒப்பந்த விதிகளைச் செல்லாதவையாக்கும் அதிகாரம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஏ பகுதியில் இருக்கிறது. வவுச்சருக்குச் சம்மதித்து நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்றால், உங்கள் வாதம் மேலும் வலுப்பெறும்.

ஆனால் நாள் குறைவாக இருக்கிறது. உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் நடுவர் மன்றத்தில் பதிய வேண்டும். ரத்தான நாளைக் கணக்கிட்டால் 2023 மார்ச்சோடு அது முடிகிறது. அந்த நிறுவனத்தின் உரிம எண்ணைக் குறிப்பிட்டுச் சுற்றுலா அமைச்சுக்கும் ஒரு புகார் அனுப்புங்கள். 2020-இல் கொடுத்த ரசீது வெப்பத்தால் அச்சாகும் வழுவழுப்பான தாளில் இருந்தால், எழுத்து இந்நேரம் மங்கத் தொடங்கியிருக்கும். முதலில் இன்றே அதை இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.