இரண்டு அறக்கட்டளைகளை ஒப்பிட்ட பெண்ணுக்கு 14 லட்ச ரூபாய்க் கடன் எதற்கு?

அன்புள்ள அம்மா,

சென்ற வாரம் சைதாப்பேட்டையிலிருந்து நீங்களும் மகளும் மேற்படிப்பு பற்றிக் கேட்க என்னிடம் வந்திருந்தபோது, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நிர்வாக ஒதுக்கீட்டில் சைபர் செக்யூரிட்டி பி.டெக். சேர்த்தே ஆக வேண்டும் என்று தாய்மாமா வற்புறுத்துவதாகச் சொன்னீர்கள். நான்கு ஆண்டுக்கும் 14 லட்சம், பெரும்பகுதி வங்கிக் கடன். உங்கள் பயம் நியாயமானது. ஆறுதல் சொல்லி அதை நான் குறைக்கப்போவதில்லை. படிக்கும் காலத்திலும் அந்தக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். பத்திரத்தில் கையெழுத்திடப்போவது நீங்கள்தான், மாமா அல்ல.

மகள் காட்டிய நோட்டை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு கோடை விடுமுறைகளில் இரண்டு அறக்கட்டளைகளில் அவள் நன்கொடை ரசீது எழுதியிருக்கிறாள். ஒன்று முதியோர் இல்லம் நடத்துகிறது. மற்றொன்று, வீட்டு வன்முறையிலிருந்து வெளியேறிய பெண்களுக்குத் தங்குமிடம் தருகிறது. பக்கத்தின் நடுவே கோடு போட்டு, ஒரே கடவுச்சொல்லை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டதா, நன்கொடையாளரின் பான் எண் யாருடைய கைபேசியில் கிடக்கிறது என்று இரு பக்கமும் எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லித் தராமல் செய்த வேலை இது.

இதற்குத் தகவல் பாதுகாப்பு இடர் மதிப்பீடு என்று பெயர். ஆபத்து நேரும் வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஒரு மதிப்பெண், நேர்ந்தால் விளையும் சேதத்துக்கு அதேபோல் ஒரு மதிப்பெண் எனக் கொடுத்துப் பெருக்கிப் பார்ப்பது இதன் எளிய வடிவம். ஓட்டைகளை மட்டும் எண்ணினால் முதியோர் இல்லம்தான் மோசமாகத் தெரியும். ஆனால் தங்குமிடத்திலிருந்து முகவரிகள் உள்ள ஒரே ஒரு தாள் வெளியே போனால், ஒரு பெண்ணின் உயிருக்கே ஆபத்து. இதை உணர்ந்து மதிப்பெண் போடுவதும், ஓர் அலுவலகத்தில் போட்ட 'மூன்று' அடுத்த அலுவலகத்திலும் அதே பொருளைத் தருமாறு அளவுகோலை முன்கூட்டியே எழுதி வைப்பதும்தான் இந்தத் தொழிலின் திறமை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நன்கொடையாளர் விவரங்களைப் பராமரிக்கும் மென்பொருளைச் சேவை நிறுவனங்களுக்கு வழங்கும் அமெரிக்காவின் பிளாக்பாட் நிறுவனம் 2020இல் தாக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த 13,000க்கும் மேற்பட்ட அமைப்புகள் ஒரே அடியில் பாதிக்கப்பட்டன. தனித்தனியே நல்ல மதிப்பெண் பெற்ற இரு அமைப்புகளும் ஒரே சேவையை நம்பியிருந்தால் ஒரே நாளில் விழலாம். 2022 ஜனவரியில் தெரியவந்த சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத் தாக்குதலில் 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் திருடர் கையில் சிக்கின. உரிய நேரத்தில் மென்பொருள் திருத்தத்தைப் போடாமல் விட்ட ஓரிடம் அவர்களுக்கு வாசலாகிவிட்டது. நம் நாட்டிலும், 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அறக்கட்டளை என்ற காரணத்துக்காக மட்டும் அதிலிருந்து விலக்குக் கிடைக்காது.

கணினி நிரல் எழுதப் பிடிக்குமா என்று மகளிடம் கேட்டபோது, "செய்வேன் சார், ஆனா எங்கே கவனக்குறைவா இருக்காங்கன்னு பார்க்கிறதுதான் பிடிக்கும்" என்றாள். அந்தப் பதிலை மீறி எந்த முடிவையும் எடுக்காதீர்கள். பிளஸ் டூவில் கணக்கு படித்தவள். சேப்பாக்கம் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படிக்கட்டும். உங்கள் வீட்டு வருமானத்திலேயே அந்தக் கட்டணம் அடங்கிவிடும். கூடவே ஐஐடிகளின் இணையவழிப் பாடங்கள் உள்ள என்பிடெல் தளத்தில் தகவல் பாதுகாப்புப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சிஐஎஸ் கட்டுப்பாடுகள் என்ற இணையப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள 153 நடைமுறைகளில், எந்தச் சிறிய அமைப்பும் முதலில் செய்ய வேண்டியவை என 56 குறிக்கப்பட்டுள்ளன. அவள் நோட்டுக்கு அடுத்த பக்கம் அதுதான். பிறகு தகவல் அமைப்புத் தணிக்கையாளருக்கான சிசா (CISA) சான்றிதழ்த் தேர்வு எழுதலாம்: நான்கு மணி நேரம், 150 வினாக்கள். சான்றிதழ் கைக்கு வரப் பொதுவாக ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்றாலும், தேர்வை முன்னதாகவே எழுதிவிடலாம்.

சேவை நிறுவனங்களால் பெரிய சம்பளம் தர இயலாது என்பதையும் மறைக்க மாட்டேன். அவை பழகும் களம். பிழைப்புக்குத் தணிக்கை நிறுவனங்களும் வங்கிகளின் இடர் மேலாண்மைப் பிரிவுகளும் இருக்கின்றன.

திங்கட்கிழமைக்குள் கட்டச் சொன்ன முன்பணத்தைக் கட்ட வேண்டாம். அரசுக் கலைக் கல்லூரிக்கான இணைய விண்ணப்பத்தை இன்றே முடித்துவிட்டு, மகளை அந்த நோட்டோடு என்னிடம் அனுப்பி வையுங்கள்; இரு அறக்கட்டளைகளும் எந்தெந்த வெளி நிறுவனத்தின் மென்பொருளை நம்பியிருக்கின்றன என்று அதில் இன்னும் எழுதப்படவில்லை.